கிரேசி காயல் பார்க்கப் போனாள்

தண்ணீரில் பிழைக்கிறவனுக்கு மகளைக் கொடுப்பதில்லை என்று கிரேசி முடிவெடுத்து எட்டு வருடம் ஆகிறது. அந்த முடிவை அவள் யாரிடமும் ஒளித்து வைக்கவில்லை. விடிகாலை ஏலத்தில் மீன் எடுக்கும்போது சொல்லியிருக்கிறாள். குலசேகரம் சந்தையில் ரப்பர் பால் வெட்டி முடித்து வருகிறவர்களுக்கு அயிலையைக் கூறு வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். பாவசங்கீர்த்தனத்தில்கூட ஒரு தடவை சொல்லப்போய், "இது பாவத்துல சேராதும்மா, அடுத்தத சொல்லு" என்று சாமியார் சொன்னதாக அவளே ஊரில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

முடிவு சும்மா வந்ததல்ல. ஒக்கிப் புயலின்போது அவள் புருஷன் ஜான்ரோஸ் போன வள்ளத்தில் ஐந்து பேர். ஒருவர் பிழைத்து வந்தார். மற்ற நான்கு பேரும் வரவில்லை, உடலும் கரை சேரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஜான்ரோஸ் பெயர் எழுதிய கல் நிற்கிறது. அடியில் வெறும் மண்தான். கிரேசி மூன்று மாதம் அழுதாள். நான்காம் மாதம் மீன் சருவத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு மறுபடி வேனில் ஏறினாள். அன்றைக்குப் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த மகள் அபினாவை அந்தச் சருவம்தான் நர்சிங் படிக்க வைத்தது. இப்போது அவள் ஆலப்புழையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள்.

அந்த அபினாதான் கிறிஸ்துமசுக்கு லீவில் வந்து, அம்மா சாளைக்குச் செதிள் உரசிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துப் பேச்சை எடுத்தாள். கிரேசியின் தம்பி இஞ்ஞாசி அப்போது வாசல்படியில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒரு ஆளு உண்டு. நான் கெட்டுனா அவனத்தான் கெட்டுவேன்."

"எந்த ஊரு?"

"நம்ம கடப்புறம்தான். ரெண்டு ஊரு தள்ளி. பெனிட்டோன்னு பேரு."

"கடல்லயா போறான்?"

"இல்ல. ஆலப்புழையில ஹவுஸ்போட்டு ஓட்டுதான். கை கிழிஞ்சு தையல் போட வந்தான். நான் தமிழ்ல ஏசுனதக் கேட்டு, நீ எந்தக் கடப்புறம்னு கேட்டான்."

கிரேசி கத்தியைக் கீழே வைத்தாள். "போட்டு வெள்ளத்துலயா போவுது, தரையிலயா?"

"அம்மா, அது காயலாக்கும். அலை கெடையாது, ஒண்ணும் கெடையாது. இடுப்பளவுதான் வெள்ளம்."

"வெள்ளத்துலயான்னு கேட்டேன்."

"வெள்ளத்துலதான்."

"அப்பம் வேண்டாம்."

வாசலிலிருந்து இஞ்ஞாசியின் குரல் வந்தது. "எனக்கும் வேண்டாம் எக்கா. அந்தப் பயல நான் அறிவேன். அவனுக்க அப்பன் சுறாவுக்குப் போன ஆளு. மவன் கடலுக்குப் பயந்து காயலுக்கு ஓடிப்போனான். மெத்தை போட்ட வள்ளத்துல மதாம்மைக்குச் சாயா குடுக்கான். அவன எனக்க மருமவன்னு நான் எங்கன பறைவேன்? நாணக்கேடு."

அபினா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழவில்லை. அழுது காரியம் சாதிக்கிற வகையில் அவள் அம்மாவும் இல்லை, அவளும் இல்லை.

"அம்மா அவன் வெள்ளத்துல போறான்னு வேண்டாங்கா. மாமா அவன் கடல்ல போவல்லன்னு வேண்டாங்கிறீங்க. ரெண்டு பேரும் மொதல்ல பேசி ஒரு வழிக்கு வாங்க."

இஞ்ஞாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலையில் முகத்தைக் குனிந்துகொண்டான்.

"நீ வேண்டாம்னா நான் அவனக் கெட்டல்ல" என்றாள் அபினா அம்மாவிடம். "ஆனா வேற ஒருத்தனக் கொண்டு வந்து நிறுத்தாத, அதுவும் நடக்காது. ஒரே ஒரு காரியம். வந்து பாத்துட்டு வேண்டாம்னு சொல்லு. சாளையக்கூட செவிளத் தூக்கிப் பாத்துட்டுத்தானே எடுக்குத?"

செவிளைப் பார்க்காமல் மீனை ஒதுக்கினாள் என்று அவளைப் பற்றி யாரும் சொல்ல முடியாது.

"பாக்க வாறேன். சம்மதம் சொல்ல வரல்ல" என்றாள்.

மாசி மாதம், தவக்காலம் தொடங்கிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை போவதாக முடிவானது. அன்றைக்கு பெனிட்டோ ஓட்டும் போட்டுக்குச் சவாரி இல்லை. பகல் முழுக்க எடுத்துக்கொள், சாயங்காலம் ஐந்தரைக்குள் கட்டிவிடு என்று முதலாளி சொல்லியிருந்தார். ஐந்தரைக்கு மேல் காயலில் வலை போடுவார்கள், ஹவுஸ்போட்டு எதுவும் நகரக்கூடாது என்பது அங்கே சட்டம். இதைக் கேட்ட இஞ்ஞாசி, வலைக்காரனுக்கு மரியாதை உள்ள ஊர்தான் என்று ஒரு புள்ளி மட்டும் கொடுத்தான்.

தாய்மாமன் இல்லாமல் கடப்புறத்தில் கல்யாணப் பேச்சு நகராது. அதனால் இஞ்ஞாசியும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். இருட்டோடு குழித்துறையில் ரயிலேறினார்கள். கிரேசி ஒரு தூக்குவாளியில் மரச்சீனிக்கிழங்கு அவித்ததும் இன்னொன்றில் சாளைப் புளிமுளக் குழம்பும் எடுத்துக்கொண்டாள். அடுத்தவன் வீட்டு மீனை நம்பி அவள் எங்கும் போனதில்லை.

ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போன அபினா, நேரம் இருக்கிறது என்று முதலில் கடற்கரைக்குக் கொண்டுபோனாள். பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் தண்ணீருக்குள் நின்றன. டெல்லிப் பக்கத்து ஆட்கள் கூட்டமாகக் காலை நனைத்துக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். இஞ்ஞாசி கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தான்.

"கடலக் காணதுக்கு ரயிலேறி வாறானுவ பாத்தியா எக்கா. நம்ம ஊர்ல சும்மா கெடக்கு, ஒருத்தன் காலு நனைக்கல்ல."

"உனக்க ஊர்ல காலு நனைக்க எடம் எங்கல இருக்கு? ஒக்கயும் கல்லப் போட்டு அடைச்சாச்சு" என்றாள் கிரேசி.

படகுத்துறையில் போட்டுகள் தெருவில் வீடுகள் நிற்பதுபோல வரிசையாக நின்றன. ஓலையும் மூங்கிலும் வேய்ந்த கூரை, கண்ணாடி ஜன்னல், மேலே ஒரு மாடி. பெனிட்டோ போட்டில் ஏறும் பலகையடியில் காத்திருந்தான். கறுத்து ஒடிசலான உடம்பு, இருபத்தெட்டு வயசு இருக்கும். இடது உள்ளங்கையில் அபினா சொன்ன தையல் தழும்பு. வெறுங்காலோடு நின்றான். செருப்பைக் கழற்றிவிட்டு வள்ளத்தில் ஏறுவது கடப்புறத்து ஆண்களின் பழக்கம். கிரேசி முதலில் பார்த்தது அவன் காலைத்தான்.

"வாங்க மாமி. வாங்க மாமா."

"ம்" என்றான் இஞ்ஞாசி, துறையிலுள்ள எல்லாப் போட்டையும் பார்த்துவிட்டு.

பலகைக்கு முன்னால் கிரேசி நின்றுவிட்டாள். முப்பது வருடம் வள்ளத்தில் வந்த மீனை விற்றவள் வள்ளத்தில் கால் வைத்ததே கிடையாது. பெண்கள் வள்ளத்தில் ஏறுவது அவள் ஊரில் இல்லை. ஜான்ரோஸ் புது வள்ளம் வாங்கி சாமியார் மந்திரித்த அன்றுகூட, அவள் மணலில் நின்று அதன் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. இப்போது ஐம்பத்தொரு வயதில் அந்த ஒற்றைப் பலகை அவளுக்கு ஒரு பெரிய காரியமாக இருந்தது.

பெனிட்டோ கையை நீட்டவில்லை. பலகையின் நுனியில் தன் காலை அழுத்தி வைத்து அது ஆடாமல் பிடித்துக்கொண்டு, கயிற்றைப் பார்ப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் தடுமாறி ஏறியதை யாரும் பார்க்கவில்லை என்று ஆயிற்று. நல்ல புத்திதான், என்று கிரேசி மனதுக்குள் ஒத்துக்கொண்டாள். ஆனால் நல்ல புத்தியுள்ளவனையும் தண்ணீர் விடாது.

உள்ளே மெத்தையும் சோபாவும் ஏசியும் இருந்தன. அவள் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்து மூடினாள். இஞ்ஞாசி எட்டிப் பார்த்து, "வள்ளத்துக்குள்ள கக்கூசு. நாங்க பதினைஞ்சு நாளு தங்கலுக்குப் போனா பலகைய பிடிச்சுத் தொங்கணும்" என்றான். அது பொறாமையா பெருமையா என்று சொல்ல முடியாது.

போட்டு தோடு என்கிற ஒடுங்கிய கால்வாய்க்குள் நுழைந்து மெதுவாகப் போனது. இருபக்கமும் தென்னை. வயல்கள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பச்சையாகக் கிடந்தன. பெண்கள் படித்துறையில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கினார்கள். ஒரு வாத்துக்கூட்டம் போட்டைக் கண்டுகொள்ளாமல் குறுக்கே போனது. அலையே இல்லாத தண்ணீரைப் பார்க்கப் பார்க்க கிரேசிக்கு நம்பிக்கை வரவில்லை. சத்தம் போடுகிற தண்ணீரை அவளுக்குத் தெரியும். சத்தம் போடாத இது என்ன நினைக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சமையல்காரர் கரிமீனைப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். கிரேசி ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு, மரியாதைக்காக விழுங்கினாள்.

"சேத்து நாத்தம் அடிக்குதா மாமி?" என்றான் பெனிட்டோ சக்கரத்தைப் பிடித்தபடியே. "எனக்கும் ஆறு மாசம் தொண்டையில எறங்கல்ல. இப்பமும் பெருசா எறங்காது. வெளியில பறைஞ்சா வேலை போவும்."

அவள் தூக்குவாளியைத் திறந்தாள். புளிமுளத்தின் வாசம் வந்ததும் அவன் திரும்பிப் பார்த்த பார்வையை எந்த அம்மாவும் தாங்கமாட்டாள். தட்டில் கிழங்கும் சாளையும் வைத்துக் கொடுத்தாள். அவன் ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்து மறுகையால் சாப்பிட்டான். முள்ளை மட்டும் மிச்சம் வைத்தான்.

சாப்பிட்டு முடித்ததும் இஞ்ஞாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனான். பரீட்சை வைக்கும் நேரம் வந்துவிட்டது என்று அபினாவுக்குப் புரிந்தது.

"லே, மாறு. நான் ஒண்ணு பிடிச்சுப் பாக்கேன்."

"பிடிங்க மாமா. பைய திருப்பணும். இது லேட்டாத்தான் கேக்கும்."

"நீ எனக்குச் சொல்லித் தாறியா? நான் லட்சத்தீவுக்கு அங்ஙன போயி வந்தவனாக்கும்."

பெனிட்டோ விலகி நின்றான். இஞ்ஞாசி கடல் வள்ளத்தை ஓட்டுகிற மாதிரியே ஓட்டினான். வளைவு வந்ததும் சக்கரத்தை ஒடித்தான். போட்டு அசையவில்லை. மறுபடி ஒடித்தான். அப்புறம் அது மொத்தமாகத் திரும்பியது. திரும்பினது நிற்கவும் இல்லை. பக்கவாட்டுக் காற்று அந்தப் பெரிய கூரையைப் பிடித்துத் தள்ள, முப்பது வருடக் கடல் அனுபவம் நேராக ஆகாயத்தாமரைக்குள் போய்ச் செருகி நின்றது. கரையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தாள்.

பெனிட்டோ மூங்கில் கழியை எடுத்துக் கரையில் ஊன்றித் தள்ளினான். சமையல்காரரும் வந்து தள்ளினார். விடுபடக் கால் மணி நேரம் ஆனது.

"கடல்ல எடம் உண்டு" என்றான் இஞ்ஞாசி. "இது என்னது, ஓடைக்குள்ள வீட்ட ஓட்டுத மாதிரி."

"ஆமா மாமா. மொத வருசம் நான் மூணு தடவ ஒரு வீட்டுப் படியில கொண்டு இடிச்சேன்."

இஞ்ஞாசி சக்கரத்தை அவனிடமே விட்டான். பிறகு பின்னால் போய் மெத்தையில் படுத்து, ஏசியைக் கூட்டி வைக்கச் சொல்லித் தூங்கிப்போனான்.

தோடு முடிந்து காயல் திறந்தது. கிரேசி எழுந்து நின்றுவிட்டாள். எதிர்க்கரை ஒரு கோடாகத்தான் தெரிந்தது. வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூசச் செய்தது. இடுப்பளவு என்று மகள் சொன்னது இதைத்தானா? அவள் பெனிட்டோவின் பக்கத்தில் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"தம்பி, இதுல எவ்வளவு ஆழம் இருக்கும்?"

பின்னால் நின்ற அபினா அவனைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். அதை கிரேசி ஜன்னல் கண்ணாடியில் பார்த்தாள்.

"எடத்துக்கு எடம் மாறும் மாமி" என்றான் அவன். "இஞ்ச நெஞ்சளவு இருக்கும். அங்ஙன போனா ரெண்டாளு, மூணாளு. மணலு வாருன குழி உண்டு. எங்க கெடக்குன்னு ஆருக்கும் சரியாத் தெரியாது."

"செத்திருக்கானுவளா?"

அபினா தொண்டையைச் செருமினாள்.

"உண்டு மாமி. போன வருசம் ஒரு போட்டுல வேலை பாத்த ஆளு. குடிச்சிட்டுக் கயிறு கெட்டப் போயி வழுக்கி விழுந்தாரு. எனக்கு நீச்சல் தெரியும், நான் குடிக்கவும் மாட்டேன். ஆனா ஒண்ணும் வராதுன்னு நான் பறைஞ்சா அது கள்ளமாக்கும்."

அபினா தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே போனாள். சொல்லிக்கொடுத்த பாடத்தை இப்படிப் போட்டு உடைப்பான் என்று அவள் நினைக்கவில்லை. கிரேசிக்கு அவனை இப்போதுதான் பிடித்தது. பிடித்ததோடு, வேண்டாம் என்பதும் உறுதியானது. மூன்று ஆள் ஆழம் போதாதா ஒருவன் போக? ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், இவனுடைய உப்பைத் தின்றுகொண்டே முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டாம் என்று தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் தலையைப் பார்த்தாள்.

வலப்பக்கம், வெகு தூரத்தில், வெயில் தெறிக்கும் தண்ணீரில் ஒரு மனிதத் தலை. சுற்றிலும் ஒன்றுமில்லை. தலை முங்கியது. எழுந்தது. ஒரு கை மேலே வந்தது. மறுபடி முங்கியது.

கிரேசிக்கு எழுந்தது நினைவில்லை. "ஆளு" என்றாள். கையை நீட்டிக் காட்டினாள். பிறகு கத்தினாள். "ஆளு கெடக்கு. ஆளு கெடக்கு லே. திருப்பு."

பெனிட்டோ அவள் கை நீட்டிய திசையை ஒரு தடவை பார்த்தான். பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொரு போட்டுக்கு இரண்டு தடவை ஹார்ன் அடித்தான். சக்கரத்தைத் திருப்பினான். அவ்வளவு பெரிய வீடு முனகிக்கொண்டு வளைந்தது. மேசையிலிருந்த கண்ணாடித் தம்ளர்கள் சறுக்கி விழுந்து உடைந்தன. பழத்தட்டு கவிழ்ந்து பூவன்பழம் தரையெல்லாம் உருண்டது. இஞ்ஞாசி மெத்தையிலிருந்து எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஓடிவந்தான். கிரேசி முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

பக்கத்தில் போனபோது தலை மறுபடி எழுந்தது. தலைக்குக் கீழே கழுத்து வந்தது, நெஞ்சு வந்தது. ஒரு நடுவயது ஆள் நெஞ்சளவுத் தண்ணீரில் காலை ஊன்றி நின்று, முகத்தை வழித்துவிட்டு, தன்மேல் ஏறிவரும் இரண்டு மாடி வீட்டை ஆச்சரியமாகப் பார்த்தார். கையில் ஒரு கூடை. கூடை நிறைய கறுப்புச் சிப்பி. அவருடைய சிறுவள்ளம் ஆகாயத்தாமரைத் திட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்தது.

கக்கா வாருகிறவர். காலால் தடவிச் சிப்பியைக் கண்டுபிடித்து முங்கி எடுப்பது அங்கே தினமும் நூறு பேர் செய்கிற வேலை. கடப்புறத்தில் பிறந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? அவள் ஊர்க் கடலில், கரை தெரியாத இடத்தில் ஒரு தலை தெரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

பின்னால் வந்த போட்டு அவர்களைத் தாண்டிப் போனது. அதன் டிரைவர் எட்டிப் பார்த்து, மலையாளத்தில் என்னவோ கேட்டுச் சிரித்தான். பயணிகளும் சிரித்தார்கள். கக்கா வாங்கவா இந்தத் திருப்புத் திருப்பினாய் என்று கேட்கிறான் என்பது கிரேசிக்கு விளங்கியது. உச்சந்தலையிலிருந்து பாதம் வரை கூசிப்போனாள். சந்தையில் நாலு பேரை வாயால் மடக்குகிறவள், இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"ஆமா, கக்கா வாங்கத்தான்" என்று பெனிட்டோ அவனுக்குச் சத்தமாகப் பதில் கொடுத்தான். இஞ்சினை நிறுத்தினான். நிஜமாகவே ஒரு கூடை கக்கா வாங்கி, சமையல்காரரிடம் தேங்காய்ச்சில் போட்டு வறுக்கச் சொன்னான். பிறகு குனிந்து உடைந்த கண்ணாடியைப் பொறுக்கினான்.

இஞ்ஞாசிக்கு இப்போதுதான் விஷயம் புரிந்தது. "எக்கா, நல்ல ஆளாக்கும் நீ. நெஞ்சளவு வெள்ளத்துல நிக்குதவனக் காப்பாத்தப் போயிருக்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பெனிட்டோவும் சிரிக்கவில்லை. அதை அவள் கவனித்தாள்.

போட்டு மறுபடி கிளம்பியதும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அது கக்கா வாருத ஆளுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மாமி."

"எப்பம் தெரிஞ்சுது?"

"நீங்க கைய நீட்டுனப்பமே. அந்த எடத்துல அவரு எப்பமும் நிப்பாரு."

"பின்ன எதுக்குத் திருப்புன? நான் அபினாவுக்க அம்மைன்னா? எனக்கிட்ட நல்ல பேரு வாங்கவா?"

அவன் சக்கரத்தைக் கொஞ்சம் நேராக்கினான். கோபப்பட்ட மாதிரியும் இல்லை.

"ஆளு கெடக்குன்னு சொன்னா திருப்பணும் மாமி. ஆரு சொன்னாலும். அது கக்காக்காரருன்னு நான் நெனச்சேன். நான் நெனச்சது தப்பாப் போனா என்ன செய்ய? கிட்டப் போயி பாத்தாத்தானே தெரியும். திருப்புனா அர மணிக்கூறு போவும், ஓனரு ஏசுவாரு. ஏசிட்டுப் போறாரு."

"இதுக்கு முன்ன திருப்பியிருக்கியா?"

"மூணு தடவ. ஒரு தடவ ஒரு வெளிநாட்டுச் சாயிப்புக் குட்டி சொல்லிச்சு. போயி பாத்தா தென்னமட்டை."

"எண்ணைக்காவது ஆளு கெடந்துதா?"

"இல்ல மாமி" என்றான். "இதுவரைக்கும் மட்டையும் கக்காவும்தான்."

கிரேசி முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் ஏன் அழுகிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. இஞ்சினின் வேகத்தைக் குறைத்தான். வறுத்த கக்காவைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்த அபினா, அம்மாவின் தோள் குலுங்குவதைப் பார்த்து அப்படியே நின்றாள். இஞ்ஞாசியும் பின்னாலேயே வந்தான்.

"எக்கா, சிரிச்சது தப்புதான். விடு."

"அதுக்கில்ல லே" என்றாள் கிரேசி. முகத்தைத் துடைத்தாள். யாரையும் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

"உனக்க அப்பாகூட போயி தப்பி வந்தவரு ஆஸ்பத்திரியில வச்சு எனக்கிட்ட மட்டும் ஒரு காரியம் சொன்னாரு. நான் இண்ணைக்கு வரைக்கும் ஆருக்கிட்டயும் பறையல்ல. புயலு கவுத்துப் போட்ட பிறவு அஞ்சு பேரும் ரெண்டு ராத்திரி அந்த வள்ளத்தப் பிடிச்சுக் கெடந்தாவளாம். அஞ்சு பேரும் உசிரோட. மூணாம் நாளு மத்தியானம் ஒரு கப்பலு வந்துது. பக்கத்துல. காத்தெல்லாம் அடங்கியாச்சு, நல்ல வெயிலு. மேல ஒருத்தன் நிக்கான், அவன் போட்டிருக்க மஞ்சச் சட்டை தெரியுது. அவ்வளவு பக்கம். உனக்க அப்பா தனக்க சட்டையக் கழத்தி வீசுனாராம் மக்கா. வீசி வீசிக் கூப்பிட்டாராம்."

நிறுத்தினாள். அவர் வீசியதைப்போலத் தன் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அவனும் கைய வீசுனானாம். நம்ம போற பஸ்ஸுக்குப் பிள்ளையளு கைய வீசுமே, அது மாதிரி. கப்பலு திரும்பல்ல. நேராப் போயிட்டு. அது மறைஞ்ச பிறவுதான் உனக்க அப்பா வள்ளத்தப் பிடிச்ச கைய விட்டாரு. புயல்ல இல்ல."

அபினா தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "இத எனக்கிட்ட எதுக்கும்மா சொல்லல்ல?"

"புயலு கொண்டுபோச்சுன்னா மனசு ஆறும் மக்கா. ஒருத்தன் கைய வீசிட்டுப் போனான்னா எங்கன ஆறும்? நான் ஒருத்தி போதும்னு இருந்தேன்."

இஞ்ஞாசி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த டிசம்பரில் பதினோரு நாள் தன் சொந்த வள்ளத்தில் அத்தானைத் தேடி அலைந்தவன் அவன். காற்றையும் கடலையும் வைதுகொண்டே எட்டு வருடத்தைக் கழித்தவன். அவன் முகம் கோணியது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதான். பெனிட்டோ முன்னால் பார்த்துப் போட்டை ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் கண்களும் நிறைந்திருந்தன. சக்கரத்திலிருந்து கையை எடுத்துத் துடைக்கவில்லை.

கிரேசி மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, சந்தையில் கடைசிக் கூறுக்கு விலை சொல்லுகிற அதே குரலில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"லே இஞ்ஞாசி. நீயாக்கும் தாய்மாமன். உனக்க வாக்கு இல்லாம எனக்க வீட்டுல ஒண்ணும் நடக்காது. எனக்க வாக்க நான் சொல்லியாச்சுன்னு வச்சுக்க. வெள்ளத்துல ஆளு கெடக்குன்னு சொன்னா வள்ளத்தத் திருப்புதவனுக்கு எனக்க பிள்ளையக் குடுக்கேன். அது காயலோ, கடலோ, எனக்கு வேண்டியதில்ல. இனி நீ சொல்லு."

அபினா மாமாவைப் பார்த்தாள்.

இஞ்ஞாசி துண்டை உதறித் தோளில் போட்டான். மெதுவாக நடந்து போய் சக்கரத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். துறையை நோக்கித் திரும்பும் போட்டுகள் தூரத்தில் வரிசையாகத் தெரிந்தன. பெனிட்டோ நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டிலிருந்து ஒரு கக்காவை எடுத்து வாயில் போட்டு மென்று, அது பிடித்ததா இல்லையா என்று காட்டிக்கொள்ளாமல், இஞ்ஞாசி அவனைக் கேட்டான்.

"உனக்க பங்குக் கோயில்ல இப்பம் எந்தச் சாமியாரு லே? மூணு ஞாயிறு பூசையில கல்யாண ஓலை வாசிக்கணும். ஈஸ்டர் கழிஞ்ச ஒடனே கெட்டு வைக்கணும்னா, தவக்காலத்துக்குள்ளயே வாசிச்சுத் தருவாரா, இல்ல இழுப்பாரா?"